கர்ப்பகால ரத்த அழுத்தம்: பிள்ளை வீட்டாரையும் கேளுங்கள்

சென்ற ஆண்டு என் மருமகளுக்கு வளைகாப்பு. வளையல் ஏற முடியாமல் கை வீங்கியிருப்பதைப் பார்த்த என் மனைவி, "இவன் வயிற்றில் இருந்தபோது எனக்கும் இப்படித்தான் நீர் கோத்துக்கொண்டது. பிரஷர் ஏறி எட்டாம் மாதமே பிரசவம் ஆயிற்று" என்றாள். அது 1988-ல் நடந்தது. என் மகனுக்கே அன்றுதான் தெரியும்.

ஆரம்பத்தில் டாக்டர் மருமகளிடம், "உன் அம்மாவுக்கோ அக்காவுக்கோ ரத்த அழுத்தம் வந்ததா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கிறாள். எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை. ஊரில் இருந்திருந்தால் பெரியம்மா, அத்தை என்று யாராவது பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பார்கள்.

இருபது வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-ஐ எட்டி, சிறுநீரில் புரதமும் போனால் பிரீ-எக்லாம்ப்சியா என்கிறார்கள். முற்றினால் வலிப்பு வரும். தாய், சேய் இருவருக்கும் ஆபத்து. தொடக்கம் நஞ்சுக்கொடியில். முதல் மாதங்களில் அது கருப்பையின் ரத்தக்குழாய்களை அகலப்படுத்த வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. அப்போது அது தாயின் ரத்தத்தில் விடும் சில புரதங்கள் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. (ரயில்வேயில் தண்ணீர்க் குழாய்களோடு மல்லுக்கட்டிய எனக்கு இது சுலபமாகப் புரிந்தது.)

நஞ்சுக்கொடி குழந்தையின் மரபணுக்களால் உருவாவது. அதில் பாதி அப்பாவுடையது! 1998-ல் நார்வேயில் பார்த்தார்கள்: ஒரு பெண்ணுக்கு இந்நோய் வந்த கர்ப்பத்துக்குத் தகப்பனானவர் மூலம் வேறொரு பெண் கருவுற்றாலும், அவளுக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. இப்படிப்பட்ட கர்ப்பத்தில் பிறந்த ஆண்களின் மனைவியருக்கும் ஆபத்து கூடுதல் என்று 2001-ல் அமெரிக்காவின் யூட்டாவில் கண்டார்கள். 2017-ல் குழந்தையின் மரபணுவிலேயே, எஃப்.எல்.டி.1 என்ற இடத்தருகே, ஒரு தொடர்பு தெரிந்தது. ஒரே மரபணுவின் வேலையல்ல இது. தலைச்சன் பிரசவம், இரட்டைக் குழந்தை, உடல் பருமன், சர்க்கரை எல்லாம் சேரும்.

ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குப் பதினாறு வாரத்துக்கு முன்பே டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. ஏழாம் மாதத்தில் வாய் திறந்து என்ன பயன்? பிரஷர் கருவி வாங்கிக் காலை மாலை பார்த்தோம். முப்பத்தைந்தாம் வாரம் தாங்க முடியாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பதுபோல் மினுக்கல். அன்றிரவே ஆபரேஷன். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம்வரை கவனிக்க வேண்டுமாம், கவனித்தோம். இருவரும் நலம்.

பெண் குழந்தை. அவள் ஜாதகம் எழுதிய நோட்டிலேயே, பாட்டிக்கும் அம்மாவுக்கும் வந்ததைத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.