'துப்புரவு' போய் 'தூய்மை' வந்தது... மாறியது என்ன?

வீட்டைக் கூட்டுகிறோம், பெருக்குகிறோம். கணக்கிலும் கூட்டுகிறோம், பெருக்குகிறோம். பாத்திரத்தை விளக்குகிறோம், புரியாத பாடத்தையும் விளக்குகிறோம். பல்லைத் துலக்கலாம், துணியை அலசலாம், மண் தரையைச் சாணம் போட்டு மெழுகலாம். அழுக்கை நீக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தமிழில் ஒரு தனிச்சொல் உண்டு. பொதுவாகச் சொல்ல, பேச்சில் 'சுத்தம்' வந்து உட்கார்ந்துவிட்டது. லஞ்சம் வாங்காதவருக்குக் 'கை சுத்தம்'. பரீட்சை ஹாலிலோ, 'சுத்தமா மறந்துபோச்சு'!

'துப்புரவு' என்ற சொல்லின் கதை வேறு. திருக்குறளில் 378, 1050 ஆகிய குறள்களைப் புரட்டிப் பாருங்கள். அங்கே அதற்குச் சுத்தம் என்று பொருள் இல்லை. அனுபவிப்பதற்கான பொருள்கள், அதாவது உணவு, உடை போன்ற வசதிகள் என்றே பொருள். அவை இல்லாத ஏழைகளைப் பற்றித்தான் வள்ளுவர் பேசுகிறார். தூய்மை என்ற பொருள்தான் இன்று நிலைத்திருக்கிறது.

அரசுப் பதிவேடுகளில் அது 'துப்புரவுத் தொழிலாளர்' ஆனது. சொல்லில் ஒரு குறையும் இல்லை. ஆனால், அந்த வேலையைச் சாதியோடு கட்டிப்போட்ட சமூகம், இழிவைச் சொல்லின் மீதும் ஒட்டிவிட்டது. 2020-ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, இனி அவர்கள் 'தூய்மைப் பணியாளர்கள்' என்று அழைக்கப்படுவார்கள் என அறிவித்தார். அதே ஆண்டு கொரோனா ஊரடங்கில் சில ஊர்களில் அவர்களுக்கு மாலை போட்டார்கள், பாதபூஜைகூடச் செய்தார்கள். ஆனால், காலையில் வண்டி வந்து நின்றால் பல வீடுகளில் இன்றும் கேட்கும் குரல், 'குப்பைக்காரங்க வந்துட்டாங்க' என்பதுதான். குப்பை என்னவோ வீட்டுக்குள்தான் இருக்கிறது!

பெயர் மாற்றம் நல்லதுதான். சாக்கடைக்குள் இறங்குபவருக்கு அது மட்டும் போதாது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்கு எதிராக 1993-லும், இன்னும் கடுமையாக 2013-லும் சட்டங்கள் வந்தன. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை செப்டிக் டேங்குக்குள் இறக்குவது குற்றம். அப்படி இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவுகள் நின்றிருந்தால் தொகையை உயர்த்தும் தேவையே வந்திருக்காது.

வீட்டு செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டால் ஆளைத் தேட வேண்டாம். 14420 என்ற எண்ணை அழைத்தால், கழிவை உறிஞ்சும் லாரிக்கு ஏற்பாடு செய்யலாம்.