பாம்பின் நஞ்சும் நம் பொறுப்பும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், மழைக்காலத்தில் ஒரு நாள். ஃபஜ்ருத் தொழுகை முடிந்து மக்தபுப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தேன். பாலாற்றங்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர், தம் எட்டு வயது மகனைத் தோளில் சுமந்தவாறு பள்ளிவாசலுக்கு ஓடி வந்தார். "விடியக்காலையிலேருந்து வயித்து வலின்னு துடிக்கிறான், ஹஜ்ரத். கொஞ்சம் தண்ணி ஓதிக் குடுங்க" என்றார். ஓதிக் கொடுத்தேன். பிள்ளையால் விழுங்க முடியவில்லை. இமைகள் தாமாகச் சரிந்தன. உறக்கக் கலக்கம் என்று எண்ணி, மீண்டும் ஓத அமர்ந்தேன். அவ்வாறே அரை மணி நேரம் கழிந்தது. வாசலில் நின்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்தாம் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது பாம்புக்கடி மாதிரி இருக்கு, உடனே வண்டியில ஏத்துங்க" என்று அதட்டினார்.

தரையில் பாய் விரித்து உறங்கிய அப்பிள்ளையைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. மூன்று நாட்கள் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு கிடந்து, அல்லாஹ்வின் அருளால் பிழைத்தான். அந்த அரை மணி நேரத்தை வீணாக்கியவன் நான். அறியாமையால் நேர்ந்த அப்பிழைக்குப் பின்னரே, பாம்பையும் அதன் நஞ்சையும் பற்றித் தேடிப் படிக்கலானேன். அறிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

நஞ்சு எதற்காக?

பாம்பு நம்மைக் கொல்வதற்காக நஞ்சு வைத்திருக்கிறது என்றே நம்மில் பலர் கருதுகிறோம். உண்மை அதுவன்று. கை, கால் இல்லாத அப்பிராணி ஓர் எலியைப் பிடித்து உயிருடன் விழுங்க முற்பட்டால், எலி அதன் கண்ணையே கடித்துக் குதறிவிடும். ஆகவே இரையை அடக்குவதற்காக அதற்கு அளிக்கப்பட்ட கருவியே நஞ்சு. கண்ணுக்குப் பின்னால் அமைந்த சுரப்பியில் ஊறும் ஒருவகை உமிழ்நீரே அது. இரையைச் செரிக்க வைப்பதிலும் அது துணை செய்கிறது.

கண்ணாடி விரியன் எலியைக் கொத்தியவுடன் விட்டுவிடும். எலி ஓடிச் சென்று விழும். விரியன் நாக்கை நீட்டி நீட்டி மணத்தை அறிந்து, பின்தொடர்ந்து சென்று விழுங்கும். நல்ல பாம்பின் நஞ்சு நரம்புகளின் கட்டளை தசைகளுக்குச் சென்று சேராதவாறு தடுத்துவிடும், மூச்சு நின்றுபோகும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சோ இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கும்.

செலவழித்த நஞ்சு மீண்டும் முழுமையாக ஊறப் பல நாட்களாகும். தன்னால் விழுங்க இயலாத மனிதன்மீது அதை வீணாக்கப் பாம்பு விரும்புவதில்லை. அதனால்தான் நல்ல பாம்பு படம் எடுக்கிறது. கண்ணாடி விரியன் உரக்கச் சீறுகிறது. சுருட்டை விரியன் தன் செதில்களை உரசி ஒலி எழுப்புகிறது. 'விலகிப் போ' என்பதே இவையனைத்தின் பொருள். நஞ்சைச் செலுத்தாமலே கடித்துவிடும் பாம்புகளும் உண்டு. மந்திரித்தவர் பலர் பெற்ற நற்பெயருக்கு இத்தகைய வெறுங்கடியே காரணமாக இருந்திருக்கும்.

கட்டுவிரியன் மட்டும் சற்று வேறுபட்டது. இரவில் இரை தேடி வீட்டுக்குள் நுழைகிறது. உறங்குபவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடுகிறது. அதன் பற்கள் மிகச் சிறியவை. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. சில மணி நேரம் கழித்து வயிற்று வலியும் வாந்தியும் தோன்றும். பிறகு இமை சரியும்; பேச்சுக் குழறும்; மூச்சு அடங்கும். நான் கண்ணெதிரே கண்டும் அறியாமற்போனது இதைத்தான்.

நம் கடலோரத்திலும் நஞ்சுள்ள உயிரினங்கள் உண்டு. கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை வலை இழுக்கும் மீனவர்கள் துடுப்புப் போன்ற வால் கொண்ட கடற்பாம்பை அறிவர். கடலில் இரை நழுவினால் மீண்டும் கிட்டுவது அரிது. எனவே மீனை விரைவில் செயலிழக்கச் செய்யும் கடும் நஞ்சு அதற்கு உண்டு. திருக்கை மீனோ தன் வால்முள்ளைத் தற்காப்புக்காகவே பயன்படுத்துகிறது.

வடநெம்மேலியில் ஒரு பணி

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு உங்களுள் பலர் குடும்பத்துடன் சென்றிருப்பீர்கள். 1976இல் தொடங்கப்பட்ட அப்பண்ணையின் வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. முதலைகளைக் கண்டு களித்துவிட்டு இதைப் பாராமலே திரும்பிவிடுகிறோம்.

இருளர்கள் நம் மாவட்டத்தின் பழங்குடி மக்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வணிகர்களுக்காகப் பாம்புகளைப் பிடித்து வந்தனர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அவர்களின் பிழைப்பைப் பறித்தன. அப்போது ராமுலஸ் விட்டேக்கர் என்னும் பாம்பியல் அறிஞரின் முயற்சியால் 1978இல் இச்சங்கம் தோன்றியது. பாம்பைக் கொன்று தோலை விற்றவர்கள், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுத்து விற்கலாயினர்.

பிடித்து வரும் பாம்புகளை மணல் இட்ட மண்பானைகளில் வைத்து, வாயைத் துணியால் கட்டிவிடுகின்றனர். வாரம் ஒருமுறை, மெல்லிய உறையால் மூடிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கடிக்கச் செய்து நஞ்சைச் சேகரிக்கின்றனர். நான்கு முறை எடுத்த பின்னர், வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். சேகரித்த நஞ்சு உலர்த்தப்பட்டுப் பொடியாகி மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. இந்தியாவில் நஞ்சுமுறி மருந்து தயாரிக்கப் பயன்படும் நஞ்சின் பெரும்பகுதி பல்லாண்டுகளாக இங்கிருந்தே சென்றுள்ளது.

அங்கே ஒரு குதிரைக்குச் சிறுசிறு அளவாக இந்நஞ்சைச் செலுத்துகின்றனர். குதிரையின் உடல் அதற்கெதிரான பொருளை இரத்தத்தில் உண்டாக்குகிறது. அதைப் பிரித்துத் தூய்மை செய்தால் நஞ்சுமுறி மருந்து. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெத் கண்ட வழி இது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் நம் நாட்டில் கிடைப்பது ஒரே மருந்துதான். எனவே, கடித்த பாம்பைத் தேடி அடித்து எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. வேறு மருந்துகளுக்கும் நஞ்சு வழிகாட்டியதுண்டு. இரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில் பிரேசில் நாட்டு விரியனின் நஞ்சை ஆராய்ந்ததால் பிறந்தது. மாரடைப்பு நோயாளிகளுக்குத் தரப்படும் டைரோஃபைபன், சுருட்டை விரியனின் நஞ்சை ஆராய்ந்ததால் கிடைத்தது.

வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம்கூட மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017இல் இவர்களை அழைத்துக்கொண்டது. உலகம் மதிக்கும் இம்மக்கள் நம் ஊர்களில் இன்னும் குடிசைகளில் வாழ்வதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பிள்ளையைக் காக்கும் மருந்துக்குள் அவர்களது உழைப்பு இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர்! இவர்களுள் பலர் மருத்துவமனையை எட்டாமலே இறந்தவர்கள். மருந்து இருந்தும் இறந்தவர்கள் என்பதே வேதனை. 2024இல் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியுள்ளது. ஆனால், முதல் கடமை வீட்டில் இருப்பவர்களுடையதே.

கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். கடிபட்ட கை, காலை அசையாமல் வையுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். 108க்கு அழையுங்கள், அது தாமதமானால் கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். மருந்து அங்கே கட்டணமின்றிக் கிடைக்கிறது. சிலருக்கு இம்மருந்தே ஒவ்வாமையை உண்டாக்கும். அதனால் மருத்துவர் முன்னிலையில்தான் செலுத்த வேண்டும். இரத்தம் உறைகிறதா என்பதைச் சிறு கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்தே அவர்கள் கண்டறிந்துவிடுவர்.

தாய்மார்களே! தரையில் பிள்ளைகளைப் படுக்க வைத்தால், கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்கு செருகிவிடுங்கள். விறகையும் வைக்கோலையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். இரவில் கொல்லைப்பக்கம் செல்லும்போதும், இஷா, ஃபஜ்ருக்குப் பள்ளிவாசலுக்கு நடக்கும்போதும் கையில் டார்ச் விளக்கு இருக்கட்டும். விடியலில் பிள்ளைக்கு வயிற்று வலி வந்து இமையும் சரிந்தால், பல்தடம் தேடிக்கொண்டிராதீர்கள்.

"நஞ்சு தீண்டியவருக்கு நபித்தோழர் ஓதிப் பார்த்ததாக ஹதீஸ் உண்டே, ஹஜ்ரத்?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, நான் மறுக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்களும் அதே நபி (ஸல்) அவர்களே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன் பின்னர் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி கற்பித்தவர்களும் அவர்களே. ஆகவே ஓதுங்கள், வண்டியில் ஏறிய பின் வழிநெடுக ஓதுங்கள். ஓதுவதற்காக வண்டியை நிறுத்தாதீர்கள்.

இப்போது எவரேனும் பிள்ளையைச் சுமந்து என்னிடம் வந்தால், நான் முதலில் வண்டியைத்தான் அழைக்கிறேன். நம் மஹல்லாக்களில் உள்ள இமாம்களும் உஸ்தாதுகளும் அவ்வாறே செய்ய வேண்டுமென்று வேண்டுகிறேன். வல்ல இறைவன் நம் பிள்ளைகளைக் காத்தருள்வானாக!