அடிக்கட்டையில் தூங்கும் காடு

மரம் நடு விழா நடக்காத ஊர் இன்றைக்கு இல்லை. குழி எடுக்கிறோம், கன்று வைக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். அடுத்த சித்திரையில் எத்தனை கன்று நிற்குது என்று யாரும் போய் எண்ணுவதில்லை. நான் வங்கியில் இருந்த காலத்தில், கொடுத்த கடனை வைத்துக் கிளையை மதிப்பிட மாட்டார்கள். திரும்பி வந்ததை வைத்துத்தான் மதிப்பிடுவார்கள். மரத்துக்கும் அந்தக் கணக்குத்தான் சரி. அப்படிக் கணக்குப் பார்த்தால் நாம் கவனிக்க வேண்டிய நாடு ஒன்று இருக்கிறது. சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் இருக்கும் நைஜர். (நைஜீரியா வேறு, இது வேறு.)

மொட்டையான நிலம்

நைஜரின் தெற்கே மராடி, ஜிண்டர் என்று இரண்டு பகுதிகள். மணல் மண். ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் மழை. கம்பு, சோளம், தட்டைப்பயறு, எல்லாம் மானாவாரி. காட்டில் ஒரு புதர்கூட இல்லாமல் சுத்தமாக வைத்திருப்பவன்தான் நல்ல விவசாயி என்று அங்கேயும் நினைத்தார்கள். விதைப்புக்கு முன்னால் துளிர்த்ததை எல்லாம் வெட்டி எரித்துவிடுவார்கள்.

மரம் போனதும் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. மணல் பறந்துவந்து முளைத்த கம்பை மூடிவிடும். ஒரே பட்டத்தில் மூன்று, நான்கு தடவை மறுவிதைப்பு. 1970, 80களில் வறட்சியும் சேர்ந்துகொள்ள, பஞ்சம் வந்தது.

கண்ணெதிரே இருந்த விடை

டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் அப்போது மராடியில் கன்று நடும் திட்டம் ஒன்றைக் கவனித்துவந்தார். நட்ட கன்றில் பெரும்பாலானவை காய்ந்துபோயின. 1983-இல் ஒருநாள், மணலில் வண்டியை நிறுத்தியவர் பக்கத்தில் இருந்த ஒரு புதரை உற்றுப் பார்த்தார். அது புதரே இல்லை. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து வந்த துளிர். நிலம் முழுக்க அப்படி ஆயிரக்கணக்கில் இருந்தன. மேலேதான் வெட்டியிருக்கிறார்கள், கீழே வேர் உயிரோடு இருக்கிறது.

நாம் கரும்பில் மறுதாம்பு விடுகிறோமே, அதே விஷயம்தான். புதுக்கன்று வேர் பிடிக்கவே கோடையோடு போராட வேண்டும். பழைய வேரோ ஏற்கெனவே ஆழத்தில் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். முதல் போடாமல் வரும் வட்டி என்று சொன்னால் பொருந்தும்.

செய்முறை

1. நிலத்தில் உயிருள்ள அடிக்கட்டைகளை அடையாளம் வையுங்கள். எந்த மரத்தை, எத்தனையை விடுவது என்பது உங்கள் முடிவு.
2. ஒரு கட்டையில் இருபது முப்பது துளிர் இருக்கும். நேராக, வலுவாக இருக்கும் மூன்று முதல் ஐந்தை விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள்.
3. விட்டவற்றில் பாதி உயரம் வரை பக்கக் கிளைகளைக் கவாத்து செய்யுங்கள். வெட்டு சுத்தமாக இருக்கட்டும், பட்டை உரியக் கூடாது.
4. சில மாதத்துக்கு ஒருமுறை புதுத்துளிரை நீக்குங்கள். தண்டு பருத்ததும் ஆண்டுக்கு ஒன்றை விறகுக்கு எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு துளிரை வளர விடலாம்.

கழித்த தழை மண்ணுக்கு மூடாக்கு. நைஜர் விவசாயிகள் விரும்பி விட்ட மரங்களில் ஒன்று 'காவோ'. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடும், அதனால் பயிருக்கு நிழல் அடிக்காது. வெயில் காலத்தில் தழைத்து நிற்கும். ஆடுமாடு அதன் நெற்றைத் தின்று, நிழலில் படுத்து, சாணத்தையும் அங்கேயே போடும். பயறு வகையைப் போலத் தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும்.

மரம் யாருக்குச் சொந்தம்?

முக்கியமான இடம் இதுதான். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே அங்கே மரம் அரசாங்கச் சொத்து. தன் காட்டில் வளர்ந்ததை வெட்டினாலும் அபராதம். அப்புறம் எவன் மரத்தைக் காப்பாற்றுவான்? முதலில் மராடியில் வன அதிகாரிகள் கெடுபிடியைத் தளர்த்தினார்கள், சட்டம் பின்னால் மாறியது. 'வளர்த்தவனுக்கே மரம்' என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் வேலை வேகம் எடுத்தது.

1984 பஞ்சத்தில், துளிரை விட்டு வளர்த்தவர்களுக்கு உணவுப்பொருள் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் மரம் எழுந்தது. உணவு நின்றதும் நிறையப் பேர் வெட்டிவிட்டார்கள். ஆனால் விட்டுவைத்தவர்கள் நிலத்தில் விளைச்சல் கூடியதைப் பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்தார். அதன்பிறகு மானியம் இல்லாமலேயே ஊர் ஊராகப் பரவியது. இருபது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர், அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் ஏக்கருக்கு மேல். செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் உறுதி செய்த கணக்கு இது.

ஊர் கூடினால்தான்

ஒருத்தர் மட்டும் விட்டால், அடுத்தவர் ராத்திரியில் வெட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் ஊர்க்கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைத்தார்கள். விறகு பொறுக்கும் பெண்களையும், மந்தை ஓட்டிவரும் மேய்ச்சல்காரர்களையும் அந்தப் பேச்சில் உட்கார வைத்த ஊர்களில் மரம் நின்றது.

வேரே மிச்சமில்லாத கட்டாந்தரைக்கு, பக்கத்து நாடான புர்கினா பாசோவில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி வழி காட்டினார். கோடையிலேயே முழங்கை ஆழத்துக்கும் குறைவான சிறு குழிகள். அதில் எருவும் மக்கும். கறையான் வந்து இறுகிய மண்ணைத் துளைக்கும். முதல் மழை அப்படியே உள்ளே இறங்கும். குழியில் சோளம் விதைத்தார், எருவோடு வந்த விதையிலிருந்து மரமும் வந்தது, கடைசியில் காடே ஆனது. 'ஸாய்' என்கிற அந்தப் பழைய முறையை அவர் மேம்படுத்தி, சந்தை நாள் கூட்டி மற்ற ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 2018-இல் ரினாடோ, சவடோகோ இருவருக்குமே 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது.

நமக்கு என்ன?

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் இதே அறிவு பல தலைமுறையாக இருக்கிறது: கிளுவை வேலி, கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேல். மற்ற மானாவாரிக் காடுகளிலும் வேம்பு, வெள்வேல், வாகை என்று வரப்போரம் துளிர் வரத்தான் செய்கிறது. டிராக்டர்காரர் வசதிக்காக அதை ஆண்டுதோறும் அடித்துவிடுகிறோம்.

இந்தக் கோடை உழவுக்கு முன்னால் காட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஏக்கருக்கு எத்தனை கட்டை துளிர்க்குது என்று எண்ணுங்கள். சீமைக்கருவேலத்தைச் சேர்க்க வேண்டாம். பத்துக் கட்டைக்கு ஒரு கம்பு ஊன்றி, சிவப்புத் துணி கட்டி, டிராக்டர்காரரிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளாடு மேய்க்கும் பக்கத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். செலவு அவ்வளவுதான்.