எழுத்து அழியுமா, மிஸ்?

வியாசர்பாடியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். மாணவி ஒருத்தி கறுப்புப் பூச்சுள்ள எஃகு வாட்டர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தாள். காலமான அவள் அப்பா, முன்பு நோட்டு அட்டையில் எழுதிய அவள் பெயர், அதே கையெழுத்தில் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தது. "கழுவினா அழிஞ்சிடுமா, மிஸ்?" என்றாள். அதுவே அன்றைய பாடமாயிற்று.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டும்போது அதிரும் ஊசிமுனை எவர்சில்வரையே கீறும். லேசர் முறை வேறு. இதற்குப் பயன்படும் கருவிகளுள் ஒன்று கார்பன் டைஆக்சைடு லேசர். பாராமதியில் பிறந்த குமார் படேல், 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியது. அதன் 10.6 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பூச்சு உட்கவர்ந்து, சூடேறி நீங்குகிறது. எஃகு பெரும்பகுதியை எதிரொளித்துவிடுவதால் எரிவதில்லை. கறுப்பின் நடுவே எஃகு எழுத்தாகத் தெரிகிறது.

வகுப்பில் வண்ணக் கிரேயான் தீட்டிய தாளின்மேல் கறுப்புக் கிரேயான் பூசி, குச்சியால் பெயர் கீறச் செய்தேன். "குச்சி சுரண்டுகிறது, லேசர்?" என்று கேட்டு, "சூடு" என்ற விடையை வரவழைத்தேன்.

இரு எச்சரிக்கைகள்: லேசர் ஒளி கண்ணுக்கு ஆபத்து, கருவியை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம். பி.வி.சி. உறையுள்ள பொருளில் பொறித்தால் நச்சான ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும்.

அவளுக்குச் சொன்ன பதில்: "எழுத்தில் பூச்சே இல்லை, கழுவினால் போவதற்கு. சுற்றியுள்ள கறுப்பைக் கம்பி நாரால் தேய்க்காதே. அதுதான் அப்பா எழுத்தைக் காட்டுகிறது."