கல்லீரற் கொழுப்பும் கணினிவழிப் பயிற்சியும்

மதுவை ஒருநாளும் தீண்டாத பெரியவரிடம் 'கல்லீரலில் நோய்' என்று மருத்துவர் கூறினால் அவர் நாணுகிறார், வீட்டாரிடமும் மறைக்கிறார். அந்நாணம் தேவையற்றது. கல்லீரலில் கொழுப்பு 5 விழுக்காட்டை மிஞ்சுவதையே கொழுப்புக் கல்லீரல் என்கிறோம். நீரிழிவும் தொந்தியும் உடையோரை அது மதுவின்றியே பற்றும். 2023-இல் பன்னாட்டு மருத்துவச் சங்கங்கள் இந்நோயின் பெயரிலிருந்து 'மது' என்னும் சொல்லையே நீக்கிவிட்டன.

இதற்கு முதன்மையான மருத்துவம் உணவுக் கட்டுப்பாடும் உடலுழைப்புமே. உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் ஈரலின் அழற்சி தணியும். எடை குறையாவிடினும் பயன் உண்டு: உழைக்கும் தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்வதால், அதனைக் கொழுப்பாக்கிச் சேர்க்கும் வேலை ஈரலுக்குக் குறைகிறது. எனவே தராசு முள் அசையவில்லையென்று பயிற்சியைக் கைவிடுதல் பிழை. வாரம் 150 நிமிட விரைநடையேனும் வேண்டும்.

ஆயினும், வலியில்லா நோய்க்காக விடியலில் எழுவோர் எத்தனை பேர்? இங்கேதான் இணையவழிப் பயிற்சி துணைநிற்கிறது. இத்தாலியின் பொலோனா நகர மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குழுக் கூட்டங்களுக்கு வரவியலாத நோயாளர்க்கு இணையவழியே பாடம் நடத்தினர். ஈராண்டு முடிவில் அவர்கள் நேரில் வந்தோரினும் பின்தங்கவில்லை. படத்தை ஓடவிட்டு நாற்காலியில் அமர்ந்திருப்பது பயிற்சியாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நடந்த நிமிடங்களைக் கேட்டுப் பதிந்து, பதியாதவரை விசாரிக்கும் ஒருவர் மறுமுனையில் இருத்தல் வேண்டும். அஃதில்லாத திட்டத்தை நாம் பரிந்துரையோம். இதயநோயாளரும் ஈரல் சுருங்கியோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

தெருவில் நடக்கத் தயங்கும் நம் இல்லத்துப் பெண்டிர்க்கு இது நல்ல வாய்ப்பு. அதற்கு, வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியை அரைமணி நேரம் விட்டுக்கொடுக்க ஆடவர் மனம்வைத்தாக வேண்டும்.