ஏடும் அச்சும் கணினியும்

புதிய கருவி வந்ததும் பழையது தானே மறைந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். தமிழ் நூல்களின் வரலாறோ வேறொன்றை உணர்த்துகிறது.

நெடிய காத்திருப்பு

'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறிய ஆண்டு 1578. ஆயினும் அதன்பின் இரண்டரை நூற்றாண்டுகள் கடந்தும் ஓலைச்சுவடியே தமிழரின் நூலாக விளங்கியது. அச்சகம் நடத்த இந்தியருக்கு இருந்த தடைகள் 1835இல் நீங்கிய பின்னரே நிலைமை மாறிற்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் 1842இல் பதிப்பித்தார்.

நம் மண் தந்த பயிற்சி

ஏட்டைப் பார்த்து அப்படியே அச்சிட இயலாது. ஓலை கிழியும் என்று கருதி மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். பொருளறிந்து படிக்க வல்லவரே பதிப்பிக்க இயலும். அத்தகையவர் உ.வே.சாமிநாதையர். அவர் இளமையில் அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், பெரம்பலூரை அடுத்த செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் பயின்றவர். சீவக சிந்தாமணி 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அவரால் அச்சு வடிவம் பெற்றன. பழைய கருவியில் தேர்ந்தவரே புதிய கருவிக்குப் பாலம் அமைத்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. அவ்வாறு ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதப்படாத நூல்கள் செல்லுக்கும் நெருப்பிற்கும் ஆற்று வெள்ளத்திற்கும் இரையாயின.

இன்றைய கடமை

ஈய எழுத்துகளைக் கோத்த அச்சுமுறை, கணினிக்கு இடம் தந்து ஒதுங்கியது. தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கையாண்டது. தமிழக அரசு 1999இல் தாம், தாப் குறியீடுகளையும், 2010இல் ஒருங்குறியையும் ஏற்றது. இதனால், பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் இன்றைய கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. நெகிழ்வட்டில் சேமித்தவற்றைத் திறக்கும் கருவியும் அரிதாயிற்று. இருநூறு ஆண்டு கண்ட ஓலையைப் படிக்க இயலும் நமக்கு, இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய கோப்பைப் படிக்க இயலவில்லை!

இழப்பைத் தடுக்க வழி உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கி வருகிறது. மாணவர்களும் தம் இல்லத்துச் சுவடிகளையும், அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளையும், துறையின் பழைய ஆய்வேடுகளையும் தேடி ஒருங்குறியில் பதிந்து வைத்தல் வேண்டும். அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியோர் நம்மிடையே வாழும் காலத்திலேயே இப்பணி நிறைவேற வேண்டும். கருவிகள் மாறுவது இயல்பு. கருத்துகளைக் கரை சேர்ப்பது கற்றோர் கடன்.