இரண்டரை இலட்சம் ரூபாவும் ஒரு தூண்டில் ரீலும்

"காக்கா, இவருக்கு நீங்கதான் ஒரு புத்தி சொல்லணும். ரெண்டரை லெட்சத்துக்கு மீன் பிடிக்கிற ரீல் ஒண்டு வாங்கப் போறாராம்!"

ஒரு வெள்ளிக்கிழமை மாலை தங்கையின் வீட்டுக்குச் சென்ற என்னை, வாசற்படியில் வைத்தே அவள் இவ்வாறுதான் வரவேற்றாள். மச்சான் உள்ளே கதிரையில் தலை குனிந்தபடி இருந்தார். அவர் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஊதாரி அல்லர், வெற்றிலை, சிகரட் எதுவும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் சுபஹுக்குப் பின் தூண்டிலை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பாறைகளுக்குப் போய் வருவதுதான் அவருக்கிருக்கும் ஒரேயொரு பொழுதுபோக்கு. ஆனால், தங்கையின் சீட்டு அந்த மாதம் விழுந்திருந்தது. மாரிக்கு முன் கூரையைத் திருத்த வேண்டும் என்று அவள் நினைத்திருந்த பணம் அது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் நண்பர் ஒருவர் மூலம் அந்த ரீலை எடுப்பித்துவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார்.

"அந்தக் காசுக்கு மீன் வாங்கினா எத்தனை நாளைக்குத் தின்னலாம்?" என்பது தங்கையின் கேள்வி. "உனக்கு மீன் மட்டும்தான் தெரியும்" என்பது மச்சானின் பதில். இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. எனவே தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல், அந்தப் பொருளைப் பற்றி முதலில் அறிந்துகொள்வோம் என்றேன். அன்றும் அதன் பின்னரும் நாங்கள் அறிந்துகொண்டவை, கணவனோ மகனோ இப்படி ஓர் ஆசையோடு வந்து நிற்கும் வேறு வீடுகளுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

தையல் மெசினும் தூண்டில் ரீலும்

தையல் மெசின் பாவிக்கும் சகோதரிகளுக்கு ரீலின் சூட்சுமத்தை விளங்கிக்கொள்வது மிக இலகு. இன்று பலரும் பாவிக்கும், நூற்சுருள் அசையாமல் நிற்க அதைச் சுற்றி ஒரு கம்பி வளையம் சுழன்று நூலைச் சுற்றும் ரீல் வகைக்கு வழிகாட்டியவர், இங்கிலாந்தின் அல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்பவர். அவர் நெசவாலைத் தொழிலோடு தொடர்புடையவர். 1905ஆம் ஆண்டு தமது ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். ஆலையிலே நூல் சுற்றும் கதிர்தான் அவருக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தது என்பர்.

கைபிடியைச் சுற்றும்போது உள்ளே ஒரு பெரிய பற்சக்கரம் சிறிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெட்டியில் "6:1" என்று எழுதியிருந்தால், கைபிடி ஒரு முறை சுற்ற, வளையம் ஆறு முறை சுற்றும் என்று பொருள். நூற்சுருளோ மேலும் கீழுமாக ஏறியிறங்கி, நூல் ஒரே இடத்தில் குவியாமல் பார்த்துக்கொள்கிறது.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, நூற்சுருளின் உச்சியில் உள்ள திருகு. தூண்டிற்காரர் இதனை "டிராக்" என்பர். தையல் மெசினில் மேல் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. அங்கே இறுக்கம் கூடினால் நூல் அறுகிறது. குறைந்தால் துணியில் சுருண்டு கிடக்கிறது. இங்கேயும் அப்படித்தான். பெரிய பாரை ஒன்று தூண்டிலை விழுங்கி ஓடும்போது, நூல் அறுவதற்கு முன்னரே டிராக் வழுகிக் கொடுக்க வேண்டும். பொதுவாக, நூல் தாங்கும் நிறையின் நாலிலொன்று முதல் மூன்றிலொன்று வரை டிராக்கை வைப்பது வழக்கம். 10 கிலோ தாங்கும் தங்கூசி என்றால் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை. அது திக்கித் திக்கிக் கொடுத்தால் மீன் போய்விடும். சீராகக் கொடுத்தால் மீன் களைத்துக் கரைக்கு வரும்.

கூடிய விலை எதற்கு?

மச்சான் ஆசைப்பட்டது ஜப்பானின் ஷிமானோ கொம்பனி செய்யும் "ஸ்டெல்லா" என்ற ரீலுக்கு. கத்திகளுக்குப் பேர்போன சக்காய் நகரில் 1921ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, முதலில் சைக்கிள் உதிரிப்பாகம் செய்த கொம்பனி அது. 1970ஆம் ஆண்டில் தூண்டில் உபகரணத் துறைக்கு வந்தது. ஸ்டெல்லா முதன்முதலில் 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. டைவா என்ற மற்றொரு ஜப்பானியக் கொம்பனியின் "சால்டிகா"வும் இதே தரத்தைச் சேர்ந்தது. கடலுக்கான பெரிய அளவுகளில் இவற்றின் விலை ஏறத்தாழ 800 டொலரிலிருந்து 1,000 டொலரையும் தாண்டிச் செல்லும்.

இந்தப் பணம் வெறும் பெயருக்கு மட்டும் போகிறது என்று சொல்வது நியாயமன்று. பற்சக்கரங்கள் மிக நுண்ணிய அளவில் செய்யப்படுகின்றன. உடல் இலேசாகவும் வளையாததாகவும் இருக்கும் உலோகத்தால் ஆனது. உப்புநீரும் மணலும் உட்புகாதபடி பல இடங்களில் அடைப்புகள் உண்டு. டிராக் பட்டுப்போல் வழுகும். பல மணி நேரம் வீசி வீசிச் சுற்றும் கைக்கு அந்த மென்மை பெரிய ஆறுதல் என்பதும் உண்மையே.

ஆயினும் ஒன்றை அவதானிக்க வேண்டும். 20, 30 டொலர் விலையுள்ள ரீலிலிருந்து 150 டொலர் விலையுள்ள ரீலுக்கு ஏறும்போது கிடைக்கும் முன்னேற்றம் மிகப் பெரியது. மெல்லிய பற்சக்கரம் உறுதியானதாகிறது. துருப்பிடிக்கும் பெயாரிங் துருவைத் தாங்குவதாகிறது. திக்கும் டிராக் சீராகிறது. ஆனால் 150 டொலரிலிருந்து 900 டொலருக்கு ஏறும்போது விலை ஆறு மடங்காகிறது. தரம் ஆறு மடங்காவதில்லை. கொஞ்சம் மென்மை, கொஞ்சம் இலேசு, கொஞ்சம் நீண்ட ஆயுள், இவ்வளவுதான். புடவைக் கடையில் 3,000 ரூபாச் சாரிக்கும் 15,000 ரூபாச் சாரிக்கும் உள்ள வேறுபாடு எவர் கைக்கும் தெரியும். 15,000க்கும் 90,000க்கும் உள்ள வேறுபாடு நெய்தவருக்குத்தான் தெரியும். அதுபோலத்தான் இதுவும்.

கணக்குப் பார்ப்போம்

"கொப்பியைக் கொண்டு வா" என்றேன். மருமகள் தன் கணிதக் கொப்பியோடு வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

முதலில் தங்கையின் கேள்வியை எடுத்தோம். மீன் கிலோ 2,000 ரூபா என்று வைத்தால், 250,000 ரூபாவுக்கு 125 கிலோ மீன் வாங்கலாம். ஆனால் இது சரியான கணக்கன்று. மீன் மலிவாகக் கிடைக்கும் என்று எவரும் தூண்டில் போடுவதில்லை. மீன்பிடித்தே வாழ்பவர்களுக்கு இந்த ரீல் அவசியமுமில்லை. எங்கள் கடற்கரைகளில் கைத்தூண்டிலால் மீன் பிடிக்கிறார்கள். மாலைதீவு மீனவர்களோ ரீலே இல்லாத வெறும் தடியாலும் முள்ளில்லாத தூண்டிலாலும் சூரை மீனைப் படகு நிறையப் பிடிக்கிறார்கள். ஆகவே ரீலுக்குக் கொடுக்கும் பணம் ஓய்வுக்கான பணம். அந்த ஓய்வு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மாரிக் காலத்தில் எங்கள் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். மழையும் வேறு வேலைகளும் போக, மச்சான் வருடத்துக்கு 25 நாட்கள் போனால் பெரிது. 250,000 ரூபா ரீல் பத்து வருடம் நின்றால் 250 நாட்கள். நாளொன்றுக்கு 1,000 ரூபா. 50,000 ரூபா ரீல் ஐந்து வருடம் மட்டுமே நின்றாலும் 125 நாட்கள். நாளொன்றுக்கு 400 ரூபா.

"பத்து வருசத்தில ரெண்டு ரீல் வாங்கினாலும் ஒரு லெட்சம்தானே மாமா!" என்றாள் மருமகள். மச்சான் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்தில், "அப்ப ஒண்டும் வேணாம். பழையபடி 9,000 ரூபாச் சாமானே போதும்" என்றார். குரலில் கோபம் இல்லை, மனக்குறை இருந்தது.

அப்போதுதான் தங்கை எழுந்தாள். அறைக்குள் போய் ஒரு பையைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தாள். நான்கு பழைய ரீல்கள்! நான்கும் நான்கு வருடத்தில் வாங்கியவை. ஒன்றின் பல் தேய்ந்திருந்தது. ஒன்று உப்பில் இறுகிச் சுற்றவே மறுத்தது. ஒன்றின் கைபிடி முறிந்திருந்தது. "இதையும் எழுதுங்க காக்கா" என்றாள்.

எழுதினோம். 36,000 ரூபா, 100 நாட்கள், நாளொன்றுக்கு 360 ரூபா. ரீல் செயலிழந்து பெரிய மீன்களோடு போன நூலையும் தூண்டில்களையும் சேர்த்தால் 400ஐத் தாண்டிவிடும். மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்கவில்லை. வீண்விரயம் தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். கையை இறுக்கிக்கொள்வதும் அதேயளவு தவறு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில்தான் நேரான வழி இருக்கிறது.

யாருக்குப் பெறுமதி?

அப்படியானால் விலைகூடிய ரீல் எவருக்குமே பெறுமதியற்றதா? அப்படியல்ல. வருடத்தில் நூறு நாள் கடலில் நிற்பவர், வெளிநாட்டுப் பிரயாணிகளைத் தூண்டிலுக்குக் கூட்டிச் சென்று உழைப்பவர், 30, 40 கிலோ பாரையைக் குறிவைத்து ஆழ்கடலுக்குப் போகிறவர் ஆகியோருக்கு, ஒரு முறை டிராக் திக்கினாலே அன்றைய உழைப்பு போய்விடும். அவர்களுக்கு அது பெறுமதியானது. கடனில்லாமல், வீட்டின் எந்தத் தேவையும் பின்தள்ளப்படாமல் வாங்கக்கூடிய வசதியுள்ளவர் தம் விருப்பத்துக்கு வாங்கினாலும் அதைக் குறை சொல்வதற்கில்லை. சீட்டுக் காசில், கூரையை ஒழுகவிட்டு வாங்குவதுதான் பொருத்தமற்றது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஒன்று: பெயாரிங்கின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக்கூடாது. மட்டமான 12 பெயாரிங்குகளை விடத் தரமான ஐந்து மேல்.

இரண்டு: டிராக் 15 கிலோ, 20 கிலோ என்று பெட்டியில் போட்டிருப்பதும் அவ்வாறே. 10 கிலோ நூல் போடுகிறவருக்கு மூன்று கிலோவில் அது சீராக வழுகுகிறதா என்பதே கேள்வி. கடையிலே நூலின் நுனியை ஒரு தொங்கு தராசில் கட்டி இழுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். முள் துள்ளாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

மூன்று: உதிரிப்பாகம் உள்நாட்டில் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். பல கொம்பனிகளின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுகிறது. சில உயர்ந்த ரீல்களில் நீர் புகாமலிருக்கக் காந்த எண்ணெய் அடைப்பு உண்டு. அதனை வீட்டில் கழற்றக் கூடாது; கொம்பனியின் திருத்துநரிடமே அனுப்ப வேண்டும். அந்தச் செலவும் விலையோடு சேர்ந்ததே.

நான்கு: பேர்போன ரீல் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது போலியாக இருக்கலாம். ஸ்டெல்லாவின் பெயரிலும் போலிகள் உலாவுகின்றன.

ஐந்து: ரீலுக்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு மட்டமான நூலும் துருப்பிடித்த தூண்டிலும் போடுவதில் பயனில்லை. மீனைத் தொடுவது ரீல் அன்று, தூண்டிலும் நூலும்தான்.

கழுவும் கை

எந்த ரீலுக்கும் உண்மையான எதிரி உப்பு. கடலிலிருந்து வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவ வேண்டும். வாளிக்குள் அமிழ்த்தக் கூடாது. குழாயை வேகமாகத் திறந்து அடிக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் உப்பு உள்ளேதான் போகும். துடைத்து நிழலில் உலர்த்திய பின் டிராக்கைத் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் தட்டுகள் நசுங்கித் திக்கத் தொடங்கும். இடைக்கிடை ஒரு துளி எண்ணெய் விட வேண்டும். ஐந்து நிமிட வேலை. கவனிப்பாரற்ற இரண்டரை இலட்சத்தை விடக் கழுவித் துடைத்த 50,000 நீண்ட காலம் நிற்கும்.

இரண்டு வாரம் கழித்து மச்சானும் தங்கையும் ஒன்றாகவே கடைக்குப் போனார்கள். தராசையும் கொண்டு போனார்களாம்! மச்சான் 42,000 ரூபா ரீல் ஒன்றைத் தெரிவு செய்திருக்கிறார். நீரடைப்புக் கூடுதலாக உள்ள மற்றொன்று 54,000 ரூபா. அதுதான் நல்லது என்று தங்கை சொல்ல, அவர் வேண்டாமென்று மறுத்திருக்கிறார். மிகுதி 12,000 ரூபாவைத் தன் தையல் காசிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

மாரிக்கு முன் கூரையும் திருத்தப்பட்டது. கடந்த முறை நான் போனபோது மச்சான் கிணற்றடியில் ரீலைக் கழுவிக்கொண்டிருந்தார். "டிராக்கை இறுக்கினீங்களா?" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இறுக்கிட்டன், இறுக்கிட்டன்" என்றார் மச்சான்.